புனோம் பென் தெருவில் பைஜாமாவும் பந்தலும்

கம்போடியாவுக்கு வேலைக்கு வருகிறவர்கள் விசா, வாடகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த நாட்டு மக்களான கெமர் குடும்பங்களோடு ஒரே தெருவில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. நான் பார்த்தவரை, அவர்களுக்குத் தெரு என்பது வீட்டின் முன்னறை. இது பிடிபட்டுவிட்டால் அப்புறம் எல்லாம் சிரிப்பும் சந்தோஷமும்தான்.

முதலில் பைஜாமா. காலையில் தலைநகர் புனோம் பென்னில் ரஷ்யன் மார்க்கெட் என்கிற சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள், பெண்களில் பாதிப்பேர் பைஜாமாவில் இருப்பார்கள். மேலும் கீழும் ஒரே துணி. கரடி பொம்மை, ஸ்ட்ராபெர்ரி, பெரிய பெரிய பூ. அதோடேயே மீன் வாங்குவார்கள், பிள்ளையைப் பள்ளியில் விடுவார்கள், ஸ்கூட்டர் ஓட்டுவார்கள். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் துண்டுகூட இல்லாமல், இஸ்திரி போட்ட பைஜாமாவும் கழுத்தில் தங்கச் சங்கிலியுமாக வருகிற மிடுக்கு இருக்கிறதே, அது புதிது.

எங்கள் வீட்டுக்கார அம்மாவை நான் மிங் என்றுதான் கூப்பிடுவேன், சித்தி முறை. அங்கே பெயரைக் கேட்பதற்கு முன்பே வயதைக் கேட்டுவிடுவார்கள். முறை தெரியாமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? சுடிதாரும் துப்பட்டாவுமாக நான் வேர்த்து விறுவிறுத்து வருவதை மிங்குக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிற கெமர் புத்தாண்டுக்கு எனக்கும் ஒரு பைஜாமா எடுத்துக் கொடுத்துவிட்டார். மஞ்சள் துணி, அதில் வாத்துக்குஞ்சுகள். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன அன்று காய்கறிக்கார அம்மா கைதட்டிச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கேட்காமலே ஒரு கட்டு எலுமிச்சைப்புல்லைப் பையில் போட்டார்.

அடுத்தது முகவரி. புனோம் பென் நடுப்பகுதியில் தெருவுக்குப் பெயரை விட எண்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒற்றைப்படைத் தெருக்கள் தெற்கு வடக்காகவும், இரட்டைப்படைத் தெருக்கள் கிழக்கு மேற்காகவும் போகும். பார்க்க அவ்வளவு ஒழுங்கு. வீட்டு எண் என்று வந்தால் அந்த ஒழுங்கு போய்விடும். வரிசை கிடையாது, ஒரே தெருவில் ஒரே எண்ணில் இரண்டு வீடு இருக்கும். 1975 ஏப்ரலில் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்கிற கம்யூனிஸ்ட் இயக்கம் மக்களை வெளியேற்றி இந்த நகரத்தையே காலி செய்தது. 1979இல் அந்த ஆட்சி விழுந்த பிறகு திரும்பி வந்தவர்கள் கிடைத்த வீட்டில் குடியேறினார்கள். அந்தக் கதை தெரிந்த பிறகு வீட்டு எண்ணைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

அதனால் வழி சொல்வதென்றால் விகாரையும் சந்தையும்தான். ஒருநாள் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு நிற்கிறேன். நம் ஊர் பஜாஜ் ஆட்டோவேதான், புனோம் பென் முழுக்க ஓடுகிறது. ஓட்டுநர் போனில் எங்கே என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த கெமர் மொழி பற்றவில்லை. தள்ளுவண்டியில் காபி விற்கிற அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விகாரைக்குப் பின்னால், நீல கேட்டுக்கு எதிரே என்று தொடங்கினார். இந்தியப் பெண், பச்சை உடை, எந்நேரமும் ஆபீசுக்கு ஓடுகிறாள், இன்னும் சாப்பிடவில்லை என்பது வரை போனது. ஓட்டுநர் வந்து இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஏன் சாப்பிடவில்லை என்பதுதான். அதற்குள் அக்கா ஐஸ் காபியைப் பையில் கட்டி, உறிஞ்சுகுழல் செருகி, ஆட்டோ கம்பியில் மாட்டிவிட்டிருந்தார்.

மத்தியானம் பதினொன்றரைக்கு மேல் தெரு படுத்துவிடும். பெரியவர்களும் தூளியில்தான் தூங்குவார்கள். மரத்துக்கு மரம், கடைக்குள் தூணுக்குத் தூண், டுக் டுக் வண்டிக்குள்ளேயே குறுக்கே கட்டிய தூளிகூட உண்டு. அப்போது எழுப்பிச் சவாரி கேட்காதீர்கள், பாவம்.

காசு விஷயம் சுருக்கமாக. டாலரும் ரியலும் ஒன்றாகப் புழங்கும். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். கெமர் ரூஜ் காசையே ஒழித்துவிட்டது. 1980இல் ரியல் திரும்பி வந்தது, 90களின் தொடக்கத்தில் ஐ.நா. படையோடு டாலர் வந்து குவிந்தது. கசங்கிய ரியலை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டாலர் நோட்டில் ஓரம் மயிரிழை கிழிந்திருந்தால் போதும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

சியெம் ரீப் நகரத்தில் இருக்கிற சைவக்கார நண்பர் ஒருவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். கறி வேண்டாம் என்றால் மீன் வரும், மீன் வேண்டாம் என்றால் இறால் வரும். உடம்பு சரியில்லையா என்று கடைக்கார அம்மா கவலையோடு கேட்பார். பௌர்ணமி, அமாவாசை, அஷ்டமி நாட்களில் புத்த பக்தர்களில் சிலர் விரதச் சாப்பாடு சாப்பிடுவார்கள். ஒரு சக ஊழியர், அந்தச் சாப்பாடு வேண்டும் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார். மறுநாளே காய்கறியும் டோஃபுவுமாகத் தட்டு வந்துவிட்டது. விரத நாள் போன பின்பும் இவர் அதையே கேட்கவே, தெருவில் இவர் பெரிய பக்திமான் ஆகிவிட்டார். இப்போது பாட்டிமார் வீட்டு வாழைப்பழத்தை இவருக்கென்று எடுத்து வைக்கிறார்கள்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் பிக்குகள் விகாரையிலேயே தங்கியிருக்கும் மூன்று மாதம் கல்யாணம் வைப்பதில்லை. அது முடிந்ததும் பந்தல் முளைக்கத் தொடங்கும். ராத்திரி படுக்கும்போது இருந்த தெரு காலையில் இருக்காது. ரோஜா நிறத்திலும் தங்க நிறத்திலும் துணி கட்டி, வாசலில் குலையோடு வாழைமரம் நட்டு, தெருவின் முக்கால் அகலத்தைப் பந்தல் பிடித்துக்கொண்டிருக்கும். வாழைமரத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. விடியும் முன்பே ஒலிபெருக்கி. வண்டிக்காரர்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வேறு தெருவில் திரும்பிப் போவார்கள், அடுத்த மாதம் அவர்கள் வீட்டுப் பந்தல் வருமே!

மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டுகளோடு பெண் வீட்டுக்கு ஊர்வலமாக வருவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஜோடி வேண்டும். ஒரே பழம், இரண்டு தட்டு, இரண்டு பேர். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் ஒரு ஆள் குறைந்துபோயிற்று. மிங் என் கையில் டிராகன் பழத்தட்டைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டார். எனக்கு ஜோடி, எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன். நான் ஒரு எட்டு முந்தினால், ‘அக்கா, சேர்ந்து, சேர்ந்து’ என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் விருந்து. மேசைக்குப் பத்துப் பேர், பத்தும் நிரம்பினால்தான் சாப்பாடு வரும். எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்ட மேசையிலிருந்து, வாசலில் நுழைகிற முகம் தெரியாதவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். பத்திரிகை வந்த உறையில் நம் பெயர் எழுதியிருக்கும். அதிலேயே மொய்யை வைத்துக் கொடுக்க வேண்டும். யார் எவ்வளவு என்று குறித்து வைத்து, பிறகு திருப்பிச் செய்வதும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது, முன்னோர்களுக்குப் படைக்கிற பிச்சும் பென் பண்டிகை. நம் மகாளயபட்சம் வருகிற அதே பதினைந்து நாள். முன்னோர்கள் ஏழு விகாரைகளில் தேடுவார்கள், தங்களுக்கென்று படையல் இல்லாவிட்டால் மனம் வெறுத்துப் போவார்கள் என்பது நம்பிக்கை. மிங்குக்கு என் தாத்தாவைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. பேத்தி இங்கே இருக்கும்போது அவர் இங்கேயும் வந்து பார்த்தால் என்ன செய்வது? பெயரைச் சொல்லச் சொல்லி கெமர் எழுத்தில் எழுதிக்கொண்டார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். காரம் என்றேன். மறுநாள் விடியுமுன் விகாரைக்குக் கொண்டுபோன தூக்குச்சட்டியில் ஒரு அடுக்கு முழுக்க மிளகாய் தூக்கலான கறி. பிக்கு பட்டியலை வாசித்தபோது, கெமர் பெயர்களுக்கு நடுவில் என் தாத்தா பெயரும் வந்தது. வெளியே வந்ததும் மிங் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அப்பா வழி ஆயிற்று, அம்மா வழியில் யார் யார் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.