‘மாற்றவா?’ என்று கணினி கேட்டது; ‘ஆம்’ என்றேன்

வேளாண்மை மாணவர், தஞ்சாவூர்

நெற்பயிர் நோயைப் படத்திலிருந்து கண்டறியும் கணினி மாடல் ஒன்றைக் கடைசி ஆண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். பிளான்ட்வில்லேஜ் என்ற பொதுப் படத் தொகுப்பில் 54,306 இலைப் படங்கள் இருக்கின்றன, ஆனால் நெல் இல்லை. அந்த இலைகளும் பறித்து, வெறும் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. அவற்றை வைத்து 2016இல் செய்த ஆய்வில் 99 விழுக்காடு வரை சரியாகச் சொன்ன மாடல், வேறு இடத்துப் படங்களைக் கொடுத்ததும் 31 விழுக்காட்டுக்கு விழுந்தது. நம் வயலில், நம் வெயிலில் நாமே எடுத்துவிடலாம் என்று மூன்று பேர் மூன்று கைபேசிகளோடு தாளடி வயலில் இறங்கினோம்.

குலைநோய்ப் புள்ளி இரு முனையும் கூர்ந்து கண் போல இருக்கும், நடுவில் சாம்பல் பூத்திருக்கும். செம்புள்ளி எள் அளவில் நீள்வட்டமாக இருக்கும். புள்ளி தோன்றும் கட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் மிக நெருங்கி எடுக்க வேண்டும். அப்படிக் குனிந்து குனிந்து எடுத்ததை நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தான். 4000 பிக்சல் அகலப் படம் 1600க்குச் சுருங்கி, செம்புள்ளி வெறும் அழுக்காக வந்து சேர்ந்தது. எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிட்டன. பெயரில் ஒரு தேதி இருந்தது, அதுவும் அனுப்பிய நாள்! ‘ஆவணமாக’ அனுப்பியிருந்தால் படம் அப்படியே வந்திருக்கும்.

பெரிய இழப்பு அதற்குப் பிறகுதான். எங்கள் கைபேசிகளில் இரண்டு, படங்களுக்கு வரிசை எண்ணையே பெயராக வைப்பவை. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியபோது, இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா என்று கணினி கேட்டது. சாப்பாட்டு நேரம். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ அழுத்திவிட்டுப் போனேன். முதலில் கொட்டிய 412 படங்கள் போயின. அந்தக் கைபேசியில் இடம் போதவில்லை என்று முந்தின நாளே எல்லாவற்றையும் அழித்திருந்தோம். திரும்ப எடுக்கப் போனபோது அறுவடை முடிந்து, வயலில் உளுந்து முளைத்திருந்தது.

இப்போது வயல் எண், நாள், கைபேசி எண், வரிசை எண் என்று பெயர் வைத்த பிறகுதான் எந்தப் படமும் பொது ஃபோல்டருக்குள் நுழைகிறது. கைபேசியிலிருந்து வந்தபடியே ஒரு பிரதி தனியாக இருக்கிறது, அதை யாரும் தொடக்கூடாது. வயல் எண் வேறு விதத்திலும் உதவியது. ஒரே இலையை நாலைந்து கோணத்தில் எடுத்திருந்தோம். மாடல் பார்த்துக் கற்கும் பயிற்சிக்கு ஒரு பங்கு, அதைச் சோதிக்க ஒரு பங்கு என்று படங்களைக் கலைத்துப்போட்டுப் பிரித்ததில், பயிற்சியில் பார்த்த இலையே சோதனையிலும் வந்து 96 விழுக்காடு என்று கணக்குக் காட்டியது. பயிற்சிக்கு ஒரு பக்க வயல்கள், சோதனைக்கு வேறு வயல்கள் என்று பிரித்ததும் 71. நெறியாளர் முகம் சுளித்தார், ஆனாலும் 71ஐத்தான் எழுதியிருக்கிறேன்.

துணித் தர ஆய்வாளர், திருப்பூர்

எங்களுக்குப் பெயரால் சிக்கல் வரவில்லை, திசையால் வந்தது. பின்னல் எந்திரத்தில் ஊசி பழுதானால் துணியில் நீளவாக்கில் கோடு விழும். நூல் மாறிப்போனால் குறுக்கே பட்டை தெரியும். முதலாவதற்கு ஊசியை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு நூலைப் பார்க்க வேண்டும். துணிப் படத்தைப் பார்த்துப் பழுதைச் சொல்லும் எங்கள் மாடல் ஊசிக் கோட்டை நூல் பட்டை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தவறாகப் போன படங்களை அச்சிட்டு எந்திரம் ஓட்டும் அண்ணனிடம் காட்டினேன். “ஏம்மா, எந்த மெஷின் குறுக்கே ஊசிக்கோடு போடும்?” என்றார்.

கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல கைபேசிகள் படத்தைப் படுக்கவைத்தே சேமிக்கின்றன. ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும், கோப்புக்குள் படத்தின் விவரங்களைப் பதியும் எக்சிஃப் பகுதியில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணாக எழுதிவைக்கின்றன. எந்தப் படத்தில் எந்தப் பழுது என்று லேபிள் போடும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்து நிமிர்த்திக் காட்டியது. பயிற்சிக்குப் படம் எடுத்துக்கொடுத்த பில்லோ என்ற நிரல் தொகுப்போ, நாமாகச் சொன்னால் ஒழியத் திருப்பாது. பதிவேற்றும்போதே எல்லாப் படங்களையும் உண்மையாகவே நிமிர்த்திச் சேமித்து, குறிப்பை நீக்கிவிட்டோம். படங்களைப் பெருக்குவதற்காக 90 பாகை திருப்பிச் சேர்ப்பது பலருக்கும் வழக்கம். பின்னல் துணிக்கு அது விஷம்.

தமிழாசிரியர், மதுரை

மாணவர்களின் கையெழுத்தைப் படிக்கும் மாடலுக்காக எழுத்துக்கு ஒரு ஃபோல்டர், பெயரும் அந்தந்த எழுத்தே என்று அழகாக அடுக்கினேன். பயிற்சி இரண்டு நொடியில் முடிந்தது. புதுக் கணினி, அதனால் வேகம் என்று மகிழ்ந்துபோனேன். உண்மையில் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. விண்டோஸில் கோப்பின் பாதையில் தமிழ் எழுத்து இருந்தால், படங்களைக் கையாளும் ஓபன்சிவி நிரல் தொகுப்பின் படம் படிக்கும் கட்டளை வெறுங்கையோடு திரும்பிவிடுகிறது, நிரலும் நிற்பதில்லை. கோப்பைப் பைட்டுகளாகப் படித்து, அதிலிருந்து படத்தை விரித்துச் சரிசெய்தேன்.

பிறகு பார்த்தால் ‘கொ’ என்ற ஃபோல்டர் இரண்டு! பக்கத்துப் பக்கத்தில், ஒரே பெயரோடு. ஒன்று நான் தட்டியது, மற்றது நண்பரின் மேக் கணினியிலிருந்து வந்தது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஓகார, ஔகார எழுத்துகளுக்கும் இதே கதைதான். இப்போது ஃபோல்டர்களுக்கு எண் மட்டும். எந்த எண் எந்த எழுத்து என்பது தனிப் பட்டியலில் இருக்கிறது.

மறுபடியும் தஞ்சாவூர் மாணவர்

தமிழாசிரியர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் தொகுப்பைத் திறந்தேன். வகைக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்திருந்த ஐந்து வகையை மாடல் ஆறு என்று காட்டிவந்ததை, ஏதோ வெற்று ஃபோல்டர் என்று விட்டிருந்தேன். ‘குலைநோய்’ இரண்டு இருக்கிறது, ‘நோ’வில் வந்த வினை. இரண்டாவதில் 38 படங்கள். ஆய்வேடு நாளை பைண்டிங்குக்குப் போக வேண்டும். 71ஐ மறுபடி கணக்கிட உட்கார்ந்திருக்கிறேன்.