பழைய லாரியில் பெல் ஹவுசிங் அடியில் ஆயில் கசிவு: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். என்னுடைய பழைய டீசல் லாரியை நிறுத்திய சிறிது நேரத்தில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளை வழியாகக் கறுத்த ஆயில் சொட்டுகிறது. பாரத்துடன் ஏற்றம் ஏறி வந்தால் சொட்டு அதிகமாகிறது. வெறும் வண்டியாக ஓடினால் குறைகிறது. வண்டியைப் பார்த்த மெக்கானிக், கிராங்க் ஷாஃப்ட்டின் (எஞ்சினின் முதன்மைத் தண்டின்) பின்புற ஆயில் சீல், அதாவது ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது என்றும் கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். கிளட்ச் இதுவரை வழுக்கவில்லை. எஞ்சினின் பின்பக்கம் முழுவதும் ஆயிலும் தூசியும் சேர்ந்து தடித்துப் படிந்திருப்பதால், கசிவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய வேலையில் இறங்குவதற்கு முன், சீல்தான் காரணம் என்பதை உறுதி செய்ய வழி உண்டா? கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவத்தை ஆயிலில் ஊற்றிப் பார்க்கலாமா?

முதல் மறுமொழி

சீல் போயிருக்கலாம், ஆனால் சொட்டும் இடத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யக் கூடாது. கசிந்த ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னால் தள்ளும். ஆகவே எஞ்சினின் மேலே எங்கே கசிந்தாலும் அது கடைசியில் பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டக்கூடும். எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின்மூலை, ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போ இருந்தால் அதன் ஆயில் திரும்பும் குழாய், சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பேக்கிங்கின் பின்விளிம்பு ஆகிய எல்லாமே பின்புற சீல் கசிவைப் போலவே தோற்றம் தரும்.

முதலில் சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயில் புகைக்கரியால் கறுத்திருக்கும். கியர் ஆயில் பெரும்பாலும் கெட்டியாக, கந்தக நெடியுடன் இருக்கும். அப்படியானால் கியர்பாக்ஸின் முன்பக்க சீலைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரைப் போல மெல்லியதாக இருந்தால் அது கிளட்ச் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் திரவமாக இருக்கலாம்.

அடுத்தது சுத்தம் செய்வது. இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள், ஆனால் மிகுதியான பதில் இதில்தான் கிடைக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காற்று உள்ளே போகும் வழி ஆகியவற்றை மூடிவிட்டு, கறை நீக்கும் திரவத்தால் மேலிருந்து கீழ்வரை முழுவதும் கழுவி நன்றாக உலர விடுங்கள். பிறகு சந்தேகத்துக்குரிய இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, டார்ச் விளக்குடன் மேலிருந்து தேடுங்கள். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதுவே கசியும் இடம். சில இடங்களைக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும். வண்டிக்கு அடியில் நுழைவதாக இருந்தால், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள்.

கசிவை நிறுத்தும் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுகிப்போன ரப்பர் சீலை அது சற்று ஊதி மென்மையாக்கலாம். ஆனால் கிழிந்த பேக்கிங்கையோ தேய்ந்த தண்டையோ அதனால் சரிசெய்ய முடியாது. காரணம் தெரியாமல் ஊற்றினால், தேட வேண்டிய தடயமும் கலைந்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். பாரம் ஏற்றினால் கசிவு கூடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் முக்கியமான குறிப்பாகப் பார்க்கிறேன். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எரிந்த வாயு சிறிதளவு சம்புக்குள் இறங்குவது எல்லா எஞ்சினிலும் நடப்பதுதான். அது ப்ரீதர் என்னும் காற்றுப்போக்கிக் குழாய் வழியாக வெளியேறிவிடும். ப்ரீதர் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம், நல்ல நிலையில் உள்ள சீல், பேக்கிங் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். பாரம் கூடக்கூட இறங்கும் வாயுவும் கூடும். அழுத்தத்தைக் கவனிக்காமல் புது சீல் போட்டால் அதுவும் விரைவில் கசியத் தொடங்கிவிடும்.

ஆகவே ப்ரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய ரப்பர் குழாய் உள்ளுக்குள்ளேயே உப்பி அடைபடுவதும் உண்டு. பிறகு எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் கவலை இல்லை. தூக்கி எறியப்பட்டால் உள்ளழுத்தம் அதிகம் என்று பொருள்.

அப்போதும் உடனே ரிங்குகள்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். ஏர் பிரேக் உள்ள வண்டியில், கம்ப்ரெசருக்கு எஞ்சின் ஆயிலே போய்த் திரும்புகிறது. கம்ப்ரெசரின் ரிங்குகள் தேய்ந்திருந்தால், அது அழுத்தும் காற்று, ஆயில் திரும்பும் வழியாக எஞ்சினுக்குள் நுழையும். வண்டியை நிறுத்தி முட்டுக் கொடுத்து, காற்று டாங்குகளைக் காலி செய்த பிறகு, கம்ப்ரெசரின் காற்றுக் குழாயைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு அதே மூடிச் சோதனையைச் செய்யுங்கள். அழுத்தம் தெளிவாகக் குறைந்தால் பழுது கம்ப்ரெசரில் இருக்கிறது. டர்போவின் சீல்கள் தேய்ந்தாலும் இதே விளைவு வரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. கழுவிப் பவுடர் தூவி ஓட்டிப் பார்த்தேன். ஈரக்கோடு டேப்பட் கவரின் பின்மூலையில் தொடங்கி, பிளாக்கின் பின்முகம் வழியாக வழிந்து, பெல் ஹவுசிங்கின் மேல் விளிம்பு இடுக்கில் உள்ளே இறங்குகிறது. ப்ரீதர் குழாயின் வளைவு ஏறக்குறைய முழுவதும் கெட்டிக் கசடால் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகு மூடி அசையாமல் நிற்கிறது. டேப்பட் கவரின் கார்க் பேக்கிங் இறுகிப் பிளந்திருப்பதால் அதை மாற்றப் போகிறேன். இரண்டு பக்கமும் சிலிக்கோன் பசை தாராளமாகத் தடவினால் கூடுதல் பாதுகாப்பு என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா? பின்புற சீலையும் இப்போதே மாற்றிவிடலாமா?

மூன்றாம் மறுமொழி

பசையைத் தாராளமாகத் தடவாதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் பசை உதிர்ந்து சம்புக்குள் விழுந்து, ஆயில் பம்ப்பின் வலைச் சல்லடையை அடைத்தால், ஆயில் பிரஷர் குறைந்து பேரிங்குகள் போய்விடும்; சில சொட்டு ஆயில் கசிவதைவிட அது பல மடங்கு கொடிய சேதம். பேக்கிங் நழுவாமல் இருக்க, கவர் பக்கத்தில் மட்டும் மெல்லிய பூச்சு போதும்.

பேக்கிங்கைவிடக் கவரின் விளிம்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தகரக் கவராக இருந்தால், ஒவ்வொரு முறை கசியும்போதும் யாராவது போல்ட்டை இன்னும் முறுக்கியிருப்பார்கள். போல்ட் துளையைச் சுற்றி விளிம்பு குழிந்து, துளைகளுக்கு நடுவே மேடிட்டிருக்கும். அந்த நிலையில் எந்தப் புது பேக்கிங்கும் நிற்காது. சமதளமான இரும்பின் மேல் வைத்து, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி நிமிர்த்துங்கள். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாதபடி துணி வைத்து மறையுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, அந்த எஞ்சினின் கையேடு சொல்லும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பின்புற சீலை இப்போது தொட வேண்டாம். கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போது அதையும் சேர்த்து மாற்றுவதே முறை. அந்த நேரத்தில், சீலின் உதடு உராயும் இடத்தில் தண்டு பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது சீல் மட்டும் போதாது. தண்டின் மேல் மெல்லிய உலோக உறை ஏற்ற வேண்டும், அல்லது இடம் இருந்தால் சீலைச் சற்று முன்பின் தள்ளிப் பொருத்தி, உதடு தேயாத பகுதியில் உட்காரும்படி செய்ய வேண்டும். ரப்பர் உதடு உள்ள சீலுக்கு ஆயில் தடவிப் போடுவார்கள். டெஃப்லான் உதடு உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை உலர்ந்த தண்டின் மேல்தான் ஏற்ற வேண்டும். எனவே சீல் வந்த பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படிக்காமல் பொருத்த வேண்டாம்.

கார்க் பேக்கிங் முதல் சூட்டில் சற்று அமுங்கும். ஆகவே எஞ்சின் ஒரு முறை நன்றாகச் சூடாகி முழுவதும் ஆறிய பிறகு, போல்ட்டுகளை அதே டார்க் அளவில் மீண்டும் ஒரு சுற்று சரிபாருங்கள். அதற்கு மேல் முறுக்க வேண்டாம். பின்முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பவுடர் தூவி, இந்த முறை பாரத்துடன் ஓட்டிப் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தும் அடித்துளையில் தொடர்ந்து புதிய ஆயில் சொட்டினால் மட்டுமே மெக்கானிக் சொன்ன வேலைக்குப் போகலாம்.