சாக்லேட் லேயர் கேக், பீனட் பட்டர் ஃப்ராஸ்டிங் (கேக் மேல் பூசும் பூச்சு): எங்கே சொதப்புகிறது?
(சமையல் குழு உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மைதாமாவு
8 இஞ்ச் வட்டத் தட்டு மூன்றுக்கான அளவு இது. மைதா 220 கிராம், சர்க்கரை 400, கொக்கோ 75, பேக்கிங் சோடா ஒன்றரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன். ஈரப் பொருட்கள்: முட்டை 2, எண்ணெய் 120 மி.லி., பட்டர்மில்க் 240 மி.லி., சூடான காபித் தண்ணீர் 240 மி.லி. காபிக்கு இன்ஸ்டன்ட் தூள் 2 டீஸ்பூன் போதும். கேக்கில் காபி வாசனை தெரியாது, கொக்கோவின் கசப்புதான் ஆழமாகும்.

பட்டர்மில்க் என்றதும் வீட்டு நீர்மோரை ஊற்றிவிடாதீர்கள். கெட்டித் தயிர் 180 மி.லி.யில் தண்ணீர் 60 மி.லி. அடித்தால் சரியான பதம். மாவு வகைகளைச் சலித்து, காபி தவிர மற்றதைக் கலந்து, கடைசியில் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும். ஒரேயடியாகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை வெந்து திரியும். மாவு ரவா தோசை மாவு மாதிரி நீர்க்கத்தான் இருக்கும். பயந்துபோய் மைதா சேர்ப்பவர்களுக்குத்தான் கேக் கல்லாகிறது.

தட்டின் அடியில் பட்டர் பேப்பர், ஓரத்தில் வெண்ணெய் தடவி கொக்கோ தூவல் (மைதா தூவினால் வெள்ளைத் திட்டு நிற்கும்). தட்டுக்கு 460 கிராம் மாவு, தராசில் நிறுத்து ஊற்றவும். 170 டிகிரியில் 25 முதல் 28 நிமிடம். குச்சியில் இரண்டு மூன்று ஈரத் துகள் ஒட்டும்போதே எடுத்துவிடலாம். குச்சி சுத்தமாக வரும்வரை விட்டால் மறுநாள் வறண்டிருக்கும்.

ஜெர்சி சமையல்
அளவு சரி. ஒரு சேர்க்கை: கொக்கோ எந்த வகை என்று பார்த்துவிட்டு சோடாவைத் தீர்மானியுங்கள். இங்கே அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது நேச்சுரல் கொக்கோ. அதில் அமிலம் உண்டு, அதற்கு ஒன்றரை டீஸ்பூன் சோடா பொருந்தும். டச்சு முறைக் கொக்கோவில் அமிலத்தை முன்பே காரம் சேர்த்துக் குறைத்திருப்பார்கள். இந்திய பாக்கெட்டில் பொருட்பட்டியலில் ஐஎன்எஸ் 500 அல்லது 501 (சேர்த்த காரத்தைக் குறிக்கும் எண்) என்று இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். அதற்கு சோடாவை 1 டீஸ்பூனாகக் குறைத்து, பவுடரை ஒன்றரையாக ஏற்றுங்கள். குறைக்காவிட்டால் சோப்பு வாடை வரும், நடுவும் அமுங்கும்.

பீனட் பட்டரிலும் இரண்டு ஜாதி. எண்ணெய் மேலே மிதக்காத, கெட்டிப்படுத்திய கொழுப்பு சேர்த்த ஜாடிதான் ஃப்ராஸ்டிங்குக்கு நல்லது. "100% வேர்க்கடலை" ஜாடி உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், வெண்ணெயோடு அடித்தால் எண்ணெய் கக்கும். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் 1928-இல் வந்த ரீசஸ் கப் (பீனட் பட்டர் வைத்த சாக்லேட்) சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அந்த உப்பும் இனிப்பும்தான் இந்தக் கேக்கில் தேடுகிற ருசி. ஆகவே உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வேளச்சேரி கிச்சன்
உப்பு விஷயத்தில் ஒரு திருத்தம். நம்ம ஊரில் பலர் வாங்குவது உப்பு போட்ட டேபிள் பட்டர். அதோடு பீனட் பட்டரிலும் உப்பு இருக்கும். அப்படியானால் தனியாக உப்பே வேண்டாம், கடைசியில் ருசி பார்த்து முடிவு செய்யலாம்.

ஃப்ராஸ்டிங் அளவு: வெண்ணெய் 225 கிராம், பீனட் பட்டர் 270, ஐசிங் சுகர் (கடையில் கிடைக்கும் நைசான சர்க்கரைப் பொடி) 300, ஃப்ரெஷ் க்ரீம் 2 முதல் 3 மேசைக்கரண்டி. மூன்று அடுக்குக்கும் வெளிப்பூச்சுக்கும் சரியாக இருக்கும்.

சென்னையில் உண்மையான எதிரி வெயில். "ரூம் டெம்பரேச்சர் வெண்ணெய்" என்று எழுதுகிறவர்கள் 20, 21 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதுகிறார்கள். நம்ம சமையலறை 32-இல் நிற்கும்போது வெண்ணெய் உருகத் தொடங்கியிருக்கும், அதில் காற்று நிற்காது. துண்டு போட்டு ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே 15 நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழணும், மேலே எண்ணெய்ப் பளபளப்பு கூடாது. ஸ்டீல் பாத்திரத்தையும் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள், பீட்டர் ஓடும் சூடே ரெண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடும்.

வெண்ணெயை மட்டும் 4 நிமிடம் அடித்து வெளுக்க விடவும். பீனட் பட்டர் போட்டு 1 நிமிடம்தான். பிறகு சலித்த சர்க்கரை இரண்டு தவணையாக, அதன் பிறகு க்ரீம் கரண்டி கரண்டியாக. முடிவில் குறைந்த வேகத்தில் 2 நிமிடம் ஓட்டினால் பெரிய குமிழி உடைந்து பூச்சு வழவழப்பாகும்.

திரிந்த மாதிரி, எண்ணெய் விட்ட மாதிரி தெரிந்தால் கொட்டிவிடாதீர்கள். 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் சர்க்கரையைக் கூட்டுவது வீண் வேலை, தித்திப்புதான் மிஞ்சும். நறநறப்பு வேறு வியாதி: மிக்ஸியில் பொடித்த சர்க்கரையால் வருவது. பொடித்தே ஆகணும் என்றால் 100 கிராமுக்கு 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்து அரைத்து, இரண்டு முறை சலியுங்கள்.

கோவை ஓடிஜி
வேளச்சேரி அக்கா சொன்ன டெம்பரேச்சர் கதை அடுப்புக்கும் உண்டுங்க. ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய மின் அடுப்பு) குமிழில் 170 வைத்தால் உள்ளே 190 இருக்கலாம், 150-ம் இருக்கலாம். உள்ளே மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்க. உச்சி கூம்பாகி வெடித்தால் சூடு அதிகம்னு அர்த்தம்: ஓரம் முதலில் இறுகிப்போகும், நடுமாவு போக வழியில்லாமல் மேலே தள்ளும்.

இன்னொரு சிக்கல், 28 லிட்டர் ஓடிஜியில் 8 இஞ்ச் தட்டு ஒரு நேரத்தில் ஒன்றுதான் போகும். சோடா தயிரோடு சேர்ந்த உடனே வாயு விட ஆரம்பித்துவிடும், காத்திருக்கிற மாவு அந்த வாயுவை இழந்துகொண்டே இருக்கும். மூன்றாவது தட்டு சப்பையாக வருவது இதனால்தான். அளவைப் பாதியாக்கி 6 இஞ்ச் தட்டு இரண்டில் ஊற்றுங்க, அடுக்கு கொஞ்சம் தடிமனாக வரும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஈடில் முடிக்கலாம். வாங்கும் முன் அடுப்பின் உள்ளகலத்தை அளந்துக்குங்க.

வெந்ததும் 10 நிமிடம் தட்டிலேயே, பிறகு கம்பி ஸ்டாண்டில். நன்றாக ஆறியபின் க்ளிங் ராப் சுற்றி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். அப்போதுதான் உச்சியைச் சீவும்போது உதிராது. எண்ணெய்க் கேக் என்பதால் ஃப்ரிட்ஜில் கல்லாகாது.

புதுமாவு
முட்டை வேண்டாம் என்றால்?

மைதாமாவு
இரண்டு முட்டைக்கு கெட்டித் தயிர் 120 கிராம், வினிகர் 1 மேசைக்கரண்டி. கேக் ரொம்ப மென்மையாக இருக்கும், உச்சியைச் சீவாமல் அப்படியே அடுக்குவது நல்லது. அடுக்குக்கு நடுவே 170 கிராம் ஃப்ராஸ்டிங், மேலே மெல்லிய முதல் பூச்சு, 30 நிமிடம் ஃப்ரிட்ஜ், அதன் பிறகு முழுப்பூச்சு. முதல் பூச்சைத் தவிர்த்தால் வெளியெல்லாம் கறுப்புத் துகள் ஒட்டும்.

வெளியாருக்குக் கொடுத்தால் வேர்க்கடலை இருக்கிறது என்று டப்பா மேலே எழுதுங்கள். அதே ஸ்பாட்டுலாவை கழுவாமல் இன்னொரு கேக்குக்குத் தொடாதீர்கள். ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி பட்டாலே ஆபத்து.

நீலகிரி அடுப்பு
ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, வாயு அதிகமாக விரிந்து கேக் பொங்கி நடுவில் பொத்தென்று விழும். சோடாவும் பவுடரும் கால் பங்கு குறைக்கணும், சர்க்கரையில் 40 கிராம் எடுக்கணும், பட்டர்மில்க் 3 மேசைக்கரண்டி கூட்டணும், சூட்டை 10 டிகிரி ஏற்றணும். வெண்ணெய் விஷயத்தில் சென்னைக்கு நேர் எதிர்: டிசம்பர் காலையில் மேசைமேல் இரவு முழுக்க வைத்தாலும் இளகாது. வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் அரை நிமிடம் காட்டி, எடுத்து அடித்து, தேவைப்பட்டால் மறுபடி காட்டலாம். மைக்ரோவேவ் வேண்டாம், நடுவில் மட்டும் உருகி ஓடும்.