28ஆம் நாளில் மீண்டும் தோன்றிய மலேரியா ஒட்டுண்ணி பழையதா, புதியதா: மரபணுக் குறிப்பான்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். மலேரியா மருந்தொன்றின் செயல்திறனை அளவிடும் ஆய்வில் மரபணு வகைப்படுத்தும் பணியை நான் செய்துவருகிறேன். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் தொற்றுடன் வந்த ஒருவருக்கு மருந்து கொடுத்த பின் 3ஆம் நாள் இரத்தத் தடவலில் ஒட்டுண்ணி இல்லை. 28ஆம் நாள் மீண்டும் இருந்தது. மருந்துக்குத் தப்பிய பழைய ஒட்டுண்ணியே பெருகியதா, இடையில் வேறொரு கொசு கடித்துப் புதிய தொற்று வந்ததா என்பதைப் பொறுத்தே மருந்து தோற்றதா இல்லையா என்று எழுத முடியும்.

இரு நாள் மாதிரிகளிலும் மூன்று குறிப்பான்களை (ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி நீளம் மாறும் மரபணுப் பகுதிகள்) பிசிஆர் முறையில் பெருக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓட்டினேன். எம்எஸ்பி1 மரபணுவின் கே1 குடும்பத்தில் முதல் நாள் 200, 240 கார இணை அளவில் இரண்டு பட்டைகள். 28ஆம் நாள் 240 மட்டும். க்ளர்ப் மரபணுவில் இரு நாளும் ஏறத்தாழ 800 அளவில் ஒரே பட்டை. எம்எஸ்பி2 மரபணுவின் 3டி7 குடும்பத்தில் முதல் நாள் பட்டை 520 அருகிலும், 28ஆம் நாள் பட்டை சற்று மேலேயும் நிற்கின்றன. இவை ஒன்றா, இரண்டா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றில் இரண்டு ஒத்துப்போவதால் பழைய தொற்று என்று எழுதலாமா?

பதில் 1: ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்

வணக்கம் அம்மா. முதலில் ஓர் அடிப்படை. மனித இரத்தத்தில் வாழும் நிலையில் இந்த ஒட்டுண்ணி ஒருமடியமானது. ஒரு மரபணுவுக்கு ஒரே படிதான். ஆகவே எம்எஸ்பி1இல் இரண்டு பட்டைகள் தெரிந்தால், அந்த நோயாளியின் உடலில் குறைந்தது இரண்டு குளோன்கள் (ஒரே மரபணு அமைப்புள்ள ஒட்டுண்ணி வம்சங்கள்) இருந்தன என்று பொருள். 28ஆம் நாள் 200 பட்டை மறைந்திருப்பது, அந்தக் குளோன் மருந்தால் அழிந்ததையும் காட்டலாம். எண்ணிக்கை குறைந்து பிசிஆருக்கு எட்டாமல் போனதையும் காட்டலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஃபால்சிபாரம் தன் 48 மணி நேரச் சுழற்சியின் பிற்பாதியில் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதால், இரத்தம் எடுத்த வேளையில் ஒரு குளோன் முழுவதும் மறைவாக இருந்திருக்கக்கூடும்.

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலில் பெரும்பான்மைக் கணக்குக்கு இடமில்லை. மூன்று குறிப்பான்களிலும் தனித்தனியே குறைந்தது ஓர் அல்லீலாவது (மரபணுவின் மாற்று வடிவம்; ஜெல்லில் ஒரு பட்டை) இரு நாளுக்கும் பொதுவாக இருந்தால்தான் மீண்டெழுந்த தொற்று, அதாவது பழையதே. ஏதேனும் ஒரு குறிப்பானில் எல்லா அல்லீல்களும் மாறியிருந்தால் புதிய தொற்று. மூன்றில் இரண்டு போதும் என்ற முறையை முன்வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த முறை என்பதை ஜெல்லைப் பார்ப்பதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். பார்த்த பின் தேர்ந்தெடுப்பது சரியன்று.

எனவே உங்கள் வழக்கு முழுவதும் அந்த எம்எஸ்பி2 பட்டையில்தான் தொங்குகிறது. 10, 15 கார இணை வேறுபாட்டை அகரோஸ் ஜெல்லில் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. ஒளிர்சாயம் ஏற்றிய பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டு) கொண்டு, துண்டின் நீளத்தை முகடுகளாகத் துல்லியமாகக் காட்டும் நுண்குழல் மின்பிரிப்பில் இரு மாதிரிகளையும் ஒரே ஓட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். இது புரதத்துக்குக் குறியீடு தரும் பகுதி என்பதால் உண்மையான அளவு வேறுபாடுகள் பெரும்பாலும் மூன்றின் மடங்காகவே வரும். அதுவும் ஒரு சரிபார்ப்பு.

க்ளர்ப்பை அதிகம் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. பல குளோன்கள் கலந்த மாதிரியில் பிசிஆர் குறுகிய துண்டுகளையே விரும்பிப் பெருக்கும்; க்ளர்ப்பின் துண்டுகள் நீளமானவை என்பதால் நீண்ட அல்லீல் உள்ள குளோன் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு மைக்ரோசாட்டிலைட் (குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ பகுதி) குறிப்பானைச் சேர்ப்பது இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

பதில் 2: புள்ளியியல் பணியில் இருப்பவர்

மேலே சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் ‘ஒத்துப்போகிறது’ என்ற சொல்லை நாம் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம். ஓர் அல்லீல் அந்த வட்டாரத்தில் 20 விழுக்காடு ஒட்டுண்ணிகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஒரே குளோன் இருந்தவருக்குப் புதிய தொற்று வந்தாலும், அந்தக் குறிப்பானில் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 0.2, இதே நிகழ்வெண் உள்ள மூன்று தனித்த குறிப்பான்களிலும் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.008 மட்டுமே. ஆனால் முதல் நாளில் மூன்று குளோன்கள் இருந்து, அவற்றின் அல்லீல் நிகழ்வெண்கள் 0.2, 0.15, 0.1 என்றால், ஒரு குறிப்பானில் வாய்ப்பு 0.45 ஆகிவிடும். புதிதாக வந்தவையும் இரண்டு குளோன்கள் என்றால் அது ஏறத்தாழ 0.7, மூன்று குறிப்பான்களுக்குப் பெருக்கினால் 0.34. மூன்றில் ஒருவர் தவறாக மருந்துத் தோல்விக் கணக்கில் சேர்வார்!

ஆகவே முதல் நாள் மாதிரிகள் அனைத்தையும் வகைப்படுத்தி, உங்கள் ஆய்வுப் பகுதியின் அல்லீல் நிகழ்வெண்களைக் கணக்கிடாமல் எந்த முடிவும் எழுத வேண்டாம். மருந்து எதிர்ப்பைக் காட்டும் பிஎஃப்சிஆர்டி, கெல்ச்13 மரபணுக்களின் மாற்றங்களை அடையாளம் காணும் குறிப்பானாகப் பயன்படுத்தவும் வேண்டாம். மருந்தின் தேர்வழுத்தத்தால் ஒரே மாற்றம் தொடர்பில்லாத பல ஒட்டுண்ணிகளிலும் பரவியிருக்கும்.

மீண்டும் கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நுண்குழல் மின்பிரிப்பில் ஓட்டினேன். முதல் நாள் 519இல் ஒரே முகடு. 28ஆம் நாள் 534இல் பெரிய முகடு. அதனுடன் 519இலும் அதன் ஆறில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு சிறிய முகடு இருக்கிறது. ஜெல்லில் இது தெரியவே இல்லை.

பதில் 3: ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்

அந்தச் சிறிய முகட்டில்தான் உங்கள் விடை இருக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள். டிஎன்ஏ பிரிப்பிலிருந்தே தொடங்கி 28ஆம் நாள் மாதிரியை மீண்டும் செய்யுங்கள். ஒட்டுண்ணி டிஎன்ஏ இல்லாத வெற்றுக் கட்டுப்பாட்டுக் குழாயையும் உடன் ஓட்டுங்கள், ஏனெனில் முதல் நாள் மாதிரியிலிருந்து துளியளவு மாசு வந்திருந்தாலும் இதே 519 முகடுதான் தோன்றும். இரண்டு முறையும் அது முன்பே வகுத்த வரம்புக்கு மேல் நின்றால், பழைய குளோன் தப்பியிருக்கிறது, அதன்மேல் 534 குளோன் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வழிகாட்டுதலின்படி இது மீண்டெழுந்த தொற்று. ஒருமுறை தோன்றி மறுமுறை மறைந்தால் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று பதியுங்கள்.

டிஎன்ஏவின் எழுத்துவரிசையையே பலமுறை படிக்கும் ஆழ்தொடர் வரிசையாக்க வசதி கிடைத்தால் இந்த மாதிரியை அதற்கும் அனுப்புங்கள். கலவையில் 1 விழுக்காடு அளவே உள்ள குளோனையும் அது காட்டக்கூடியது. மற்றொரு மலேரியா ஒட்டுண்ணி இனமான விவாக்ஸின் மாதிரிகளுக்கு மட்டும் இதே தர்க்கத்தை நீட்ட வேண்டாம். கல்லீரலில் உறங்கும் ஹிப்னோசோயிட்டுகளிலிருந்து எழும் ஒட்டுண்ணி முதல் நாள் குளோனை ஒத்தும் இருக்கலாம், முற்றிலும் வேறாகவும் இருக்கலாம்.