குதிரைக்குத் தமிழிலும் சீனத்திலும் ‘மா’: உறவா, தற்செயலா?

கேள்வி (சொல்தேடி):
பழந்தமிழ்ச் செய்யுள்களில் ‘மா’ பல இடங்களில் குதிரையைக் குறிக்கிறது. அண்மையில் சீனம் கற்கத் தொடங்கியபோது, அங்கும் குதிரைக்கு ‘மா’ என்றே பெயர் என்று அறிந்து வியந்தேன். தாய்லாந்து மொழியிலும் வியட்நாமியத்திலும் இதுவே என்கிறார்கள். நான்கு மொழிகள் ஒத்துப்போவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாமா?

மறுமொழி (வேர்ச்சொல்):
நான்கு சான்றுகள் என்று எண்ணுவதில்தான் சிக்கல் இருக்கிறது. வியட்நாமியத்தின் ‘மா’ சீனத்திலிருந்து கடன் பெற்றது. தாய்லாந்துச் சொல்லையும் அவ்வாறே கருதுகிறார்கள். ஆகவே எஞ்சுபவை சீனமும் தமிழும் மட்டுமே. சீனச் சொல்லின் பழைய வடிவத்தில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்ததாக ஆய்வாளர்கள் மீட்டுரைக்கிறார்கள். அதன் உறவு மொழியான பழைய பர்மியத்தில் குதிரை ‘ம்ரங்’ என வழங்கியது இதற்குத் துணை நிற்கிறது. நம் ‘மா’வில் அந்த ரகரத்தின் சுவடு இல்லை. அதோடு, அரிமா சிங்கமாகவும் கைம்மா யானையாகவும் பரிமா குதிரையாகவும் இருப்பதைப் பார்த்தால், தமிழில் அது விலங்கு என்னும் பொதுப்பொருளில் நின்று, இடம் நோக்கிக் குதிரையையும் சுட்டியது என்பது விளங்கும். தொனியையும் மறந்துவிடக் கூடாது: சீனத்தில் அதே அசையைச் சமமாக ஒலித்தால் தாய், இறக்கி ஒலித்தால் திட்டுதல். தாய்லாந்து மொழியிலோ ஒரு தொனியில் குதிரை, இன்னொன்றில் நாய், மற்றொன்றில் ‘வா’. (சந்தையில் தவறாக ஒலித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.)

மறுமொழி (வடகரை):
ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பபரம் மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்று பெயர். ஆங்கிலேயரிடம் பெற்றதல்ல, அண்டை மொழியான யிடினியில் நாயைக் குறிக்கும் ‘குடகா’ என்பதோடு ஒப்பிட்டு, ம்பபரத்தில் முறையாக நிகழ்ந்த ஒலித்திரிபுகளால் முதலசை உதிர்ந்து இவ்வடிவம் வந்ததென மொழியியலாளர் டிக்சன் விளக்கினார். பார்வைக்கு ஒத்த சொற்கள் வேறாகவும், ஒவ்வாதவை உறவாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மறுமொழி (யாழ்வாசி):
வெளியே போவானேன்? எங்கள் வீட்டில் ‘மா’ என்றால் கோதுமை மா, அரிசி மா. தஞ்சைப் பக்கத்து உறவினர் ‘மூன்று மா நிலம்’ என்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே அது நில அளவு, இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி என்னும் பெரிய அளவு; எண் வாய்பாட்டிலும் மா என்பது இருபதில் ஒரு பங்குதான். இவ்விரண்டும் தம்முள் உறவுடையவை. மாமரத்தின் ‘மா’வுக்கு அவற்றோடு தொடர்பில்லை.

சொல்தேடி:
தெளிவுபடுத்தியமைக்கு நன்றி. சீனத் தாய்க்கும் நம் அம்மாவுக்கும் உள்ள ஒற்றுமையும் அப்படித்தானா?

வேர்ச்சொல்:
அது வேறு வகை. இதழ் மூடித் திறந்தால் குழந்தைக்கு எளிதில் வரும் ஒலி அது. அதைத் தன்னை அழைப்பதாக எடுத்துக்கொள்பவர் பெரும்பாலும் தாய். ஆனால் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, தாய்க்குப் பெயர் ‘தெதா’.