மாஸ்ரரின்ர மட்டை உங்களுக்குக் கிடைச்ச கதை

மயிலிட்டியாள்:

கனநாளா எழுத நினைச்சு நினைச்சு விட்டது. எங்கட சித்திர மாஸ்ரர் பழைய கலியாண அழைப்பு மட்டையை வெட்டிக் கையால படம் கீறித் தாற சின்ன மட்டை வாங்கின ஆக்கள் இஞ்ச கனபேர் இருப்பியள். எப்பிடிக் கிடைச்சதெண்டு எழுதுங்கோ. முதல் நான் சொல்லுறன்.

நல்லூர், சப்பரத்தண்டு பின்னேரம். அவர் வழக்கமா இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு முன்னால ஆறேழு பிள்ளையள். என்ர முறை வர ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. வெறும் மட்டை ஒண்டையும் பேனையையும் என்ர பக்கம் தள்ளிவிட்டார். ஒண்டு கீறிக் குடுத்தால்தான் ஒண்டு கிடைக்கும் எண்டு எனக்கும் தெரியும், ஆனா அது சின்னப் பிள்ளையளுக்குத்தான் எண்டு நினைச்சிருந்தன்.

"எனக்குக் கீறத் தெரியாது மாஸ்ரர்."

"உங்கட வீட்டுப் படலை ஞாபகமிருக்கோ? அதைக் கீறுங்கோ பிள்ளை."

1990 ஆனியில நாங்கள் மயிலிட்டியை விட்டு வெளிக்கிடேக்கை எனக்குப் பதினாலு வயசு. எங்கட வீட்டில இருந்தது சங்கடப்படலை. அப்பப்பா கட்டினது. மேல கிடுகுக் கூரை, ரெண்டு பக்கமும் குந்து, ஒரு மூலையில தண்ணிப் பானை. கடற்கரைக்குப் போற வாற சனம் வெயிலுக்கு அதில இருந்திட்டுத்தான் போகும். கீறத் தொடங்கினாப்பிறகு கை தன்பாட்டில போச்சு. கூரை வந்துது, குந்து வந்துது, பானைக்கு மேல கவிழ்த்து வைக்கிற சிரட்டைகூட வந்துது. கடைசியாக் கொண்டி. அதை எந்தப் பக்கம் போடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

ஒரு நாளைக்கு எத்தினை தரம் திறந்து பூட்டின படலை. புத்தகப் பையை மற்றக் கைக்கு மாத்திப்போட்டுத்தான் கொண்டியைத் தூக்கிறனான், அது நல்ல ஞாபகம். ஆனா எந்தக் கையிலயிருந்து எந்தக் கைக்கு? அதில இருந்தபடியே கையை முன்னால நீட்டி நீட்டிப் பார்த்தன். பின்னால நிண்ட பிள்ளை "கெதியாக் கீறுங்கோ அன்ரி" எண்டுது. மாஸ்ரர் அவசரப்படுத்தேல்லை. "எந்தப் பக்கம் திறக்கிறது?" எண்டு ஒருக்காக் கேட்டார். நான் பேசாமல் இருந்தன். கொண்டி இல்லாத படலையை அப்பிடியே வாங்கிப் பெட்டிக்குள்ள வைச்சிட்டார்.

2017இல துறைமுகப் பக்கத்தை ஆமி விட்டாப்பிறகு போய்ப் பார்த்தனாங்கள். கிணறு இருக்கு. படலை நிண்ட இடத்தில எருக்கலை.

எனக்கு அவர் தந்த மட்டையில கிளுவை வேலியும் அதில படர்ந்த ஒரு கொவ்வைக் கொடியும். அவ்வளவு வடிவு. ஆனா அதை எடுத்துப் பார்க்கிற நேரமெல்லாம் அந்தக் கொண்டிதான் வருது.

சூரிச்சிலயிருந்து:

அக்கா, உங்கடையை வாசிச்சிட்டு எங்கட வீட்டுப் படலையை யோசிச்சுப் பார்த்தன். எனக்குக் கொண்டி ஞாபகமிருக்கு, படலையின்ர நிறம் இல்லை.

என்ர கதை சின்னது. நான் இருக்கிற இந்த நகரத்தில 1997இல ஸ்டிர்னெமன் எண்ட ஓவியர் இப்பிடி ஒரு பழக்கத்தைத் தொடக்கினவர். 2.5 அங்குலத்துக்கு 3.5 அங்குல மட்டை, விளையாடுற சீட்டின்ர அளவு. ஆளுக்கு ஆள் கீறி மாத்தலாம். காசு குடுத்து வாங்க ஏலாது. இதைக் கேள்விப்பட்ட உடன எனக்கு மாஸ்ரர்தான் ஞாபகம் வந்தவர். அதே அளவில வெட்டின நல்ல பிறிஸ்டல் மட்டை நூறு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தன்.

அவர் ஒண்டை எடுத்து விரலால தடவினார். ஒரு கோடு இழுத்தார். "பேனை நிக்குதில்லைத் தம்பி, வழுக்குது" எண்டிட்டு, வழமைபோலக் கலியாண மட்டை ஒண்டை எடுத்து வெட்டத் தொடங்கினார். அந்தத் துண்டில மூலைக்குப் பூசின மஞ்சள் கிடந்துது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருந்தார். பேந்து மஞ்சளைச் சுத்திக் கறுப்புப் பேனையால நாலைஞ்சு கோடுதான். ஒரு பூவரசம்பூ என்ர கண்ணுக்கு முன்னால விரிஞ்சுது. அவர் தந்த மஞ்சள் நிறமெண்டு அதில ஒண்டுமில்லை. ஆற்றையோ கலியாணத்துக்கு ஆரோ ஒரு அம்மா பூசின மஞ்சள்.

நூறு மட்டையையும் பக்கத்தில நிண்ட பிள்ளையளுக்குக் குடுத்திட்டார். எனக்கு அது கவலை இல்லை. ஆனா பதிலுக்கு நான் கீறிக் குடுத்தது ட்ராம் வண்டி. ஏன் ட்ராமைக் கீறினன் எண்டு இப்பவும் யோசிக்கிறன். ஊரில இருந்துகொண்டு கீற எனக்கு வேற ஒண்டும் வரேல்லை.

பெட்டி நிறைய:

சூரிச்சில இருக்கிற தம்பி சொல்லுறதில ஒரு திருத்தம். கையால கீறின சின்ன மட்டை 1997க்கு முதலே வந்திட்டுது. 1993இல ஸ்கைபொக்ஸ் எண்ட அமெரிக்கக் கம்பனி, சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் படம் அச்சடிச்ச, சனம் வாங்கிச் சேர்க்கிற மட்டைத் தொகுதியோட கையால கீறின மட்டையளையும் குடுத்தது. பேந்து மற்றக் கம்பனியளும் பிடிச்சுக்கொண்டுது. இண்டைக்கு அமெரிக்காவில வாற சூப்பர் ஹீரோ மட்டைப் பெட்டியளை உடைக்கிற சனம் அச்சடிச்ச மட்டைக்காக உடைக்கிறதில்லை, உள்ளுக்கு எங்கயோ ஒண்டு கையால கீறினது கிடக்கும் எண்டு உடைக்குது. ஒவ்வொண்டும் உலகத்தில ஒண்டே ஒண்டு.

அதைக் கீறுற ஆளுக்குக் கம்பனி குடுக்கிறது சொற்பம். அதுக்குப் பதிலாக் கொஞ்ச வெறும் மட்டையைத் திருப்பிக் குடுக்கும். அதுதான் ஆர்ட்டிஸ்ட் புறூவ். அதில விரும்பினதைக் கீறி விரும்பின விலைக்கு அவரே விக்கலாம். ரொறன்ரோவில இருக்கிற மச்சான் எனக்காகக் கியூவில நிண்டு வாங்கி அனுப்பினது பதினொண்டு வைச்சிருக்கிறன். ஒண்டையும் களவாக வாங்கேல்லை. கீறினவருக்கு நேரடியாக் காசு போகுது, அவரின்ர வீட்டில அடுப்பெரியுது. அதனாலதான் சொல்லுறன், காசு குடுத்தால் மட்டைக்குத் தீட்டு எண்ட மாதிரிக் கதைக்காதேங்கோ. மாஸ்ரருக்குப் பென்சன் வருது, அவர் சும்மா குடுக்கிறார். பென்சன் இல்லாத பொடியன் என்ன செய்வான்? யாழ்ப்பாணத்தில கீறத் தெரிஞ்ச எத்தினை பிள்ளையள் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டு இருக்குதுகள்?

என்ர கதைக்கு வாறன். ரவுணில பழைய புத்தகம் விக்கிற ஒருத்தரிட்ட மாஸ்ரரின்ர மட்டை ஒண்டு ஐயாயிரத்துக்கு வாங்கினன். வல்லைவெளி. காத்துக்கு எதிராக் குனிஞ்சு சைக்கிள் உழக்கிற ஒரு பொம்பிளை, வேற ஒண்டும் இல்லை, மரம்கூட இல்லை. சந்தோசத்தில அதைக் கொண்டுபோய் மாஸ்ரருக்கே காட்டினன். கோவிப்பார் எண்டு பயந்தன். கோவிக்கேல்லை. மட்டையைத் திருப்பிப் பின்பக்கக் கலியாணத் தேதியைப் பார்த்தார்.

"இது அந்த நேர்ஸ் பிள்ளைக்கெல்லோ குடுத்தது. ஏன் வித்தவ? என்ன கஷ்டமாம்?"

எனக்குத் தெரியாது. புத்தகக்காரரிட்டத் திரும்பிப் போய்க் கேட்டன். ஒரு கட்டுப் பழைய கொப்பியளோட வந்ததாம், ஆர் கொண்டுவந்ததெண்டு அவருக்கும் ஞாபகமில்லை. அந்தப் பிள்ளை இதை வாசிச்சால், மட்டை பத்திரமா இருக்கு. வந்து வாங்கிக்கொண்டு போங்கோ, காசு வேண்டாம்.

கோண்டாவில் வாழை:

எல்லாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். லமினேற் பண்ணாதேங்கோ!

எனக்கு மாஸ்ரர் தந்தது பண்ணைக் கடலில சிறகுவலை. மெழுகுக் கிறயோனால நிறம் போட்டவர். அம்மா அதைப் பத்திரப்படுத்துறன் எண்டு ரவுணுக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணிக்கொண்டு வந்திட்டா. சூட்டுக்குக் கிறயோன் உருகி, கடலும் வலையும் ஒண்டாய்ப் போச்சு. அம்மாவை ஏசவும் ஏலாது. 1995 ஐப்பசி இடப்பெயர்வில அந்த மழைக்குள்ள நாவற்குழி தாண்டேக்கை எங்கட சேட்டிபிக்கற் எல்லாம் நனைஞ்சு மை கரைஞ்சது. அண்டையிலயிருந்து வீட்டில தாள் எண்டு எது வந்தாலும் அவ பிளாஸ்ரிக்குக்குள்ள போடுவா.

அதால நான் படிச்சதைச் சொல்லுறன், கவனமாக் கேளுங்கோ. கடையில விக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் உறை எல்லாம் ஒண்டில்லை. பிவிசி உறை நாள்போக ஒட்டும், மையைத் தன்னோட இழுத்துக்கொண்டு வரும். பொலிபுறொப்பிலீன் எண்டு கேட்டு வாங்குங்கோ. அதுக்கு வெளியில விறைப்பான உறை ஒண்டு போட்டால் மட்டை வளையாது. குமிழ்ப்பேனை மையும் மார்க்கர் நிறமும் வெளிச்சத்துக்கு வெளிறும், ஆனபடியால் சுவாமிப் படங்களோட சுவரில கொழுவாதேங்கோ. பென்சில் வெளிறாது, ஆனா விரல் பட்டால் அழியும். கலியாண மட்டை மலிஞ்ச கடதாசி எண்டால் தானாவே பழுப்பேறும், அதை நிப்பாட்ட ஏலாது, இருட்டில வைச்சால் மெதுவாகும். மாரியில ஈரம் ஏறும், புது மருந்துப் போத்தலுக்குள்ள வாற சிலிக்கா பைக்கற்றுகளை எறியாமல் சேர்த்து மட்டையோட போடுங்கோ. இராமபாணப் பூச்சி கோந்து இருக்கிற இடத்துக்குத்தான் முதல் வரும், அதால கோந்து போட்டு அல்பத்தில ஒட்டாதேங்கோ, செலோரேப் அதைவிட மோசம். மர அலுமாரியை விட இரும்பு அலுமாரி திறம். எல்லாத்துக்கும் முதல் ரெண்டு பக்கத்தையும் படமெடுத்து, வெளிநாட்டில இருக்கிற ஆருக்காவது அனுப்பி வையுங்கோ. 1981இல எங்கட யாழ்ப்பாண நூலகத்தில 97,000 புத்தகத்தோட எரிஞ்ச ஏட்டுச்சுவடியளுக்கு வேற படியே இல்லை. மட்டை சின்னது எண்டு நினைக்காதேங்கோ. இதுக்கும் வேற படி இல்லை.

மயிலிட்டியாள்:

கோண்டாவில் தம்பி, நல்ல விசயம்தான், உறை வாங்குறன். ஆனா நான் கேட்டது மட்டையை எப்பிடி வைக்கிறதெண்டில்லை. அம்மா அந்த மட்டையோட வீட்டுக்குள்ள வரேக்கை உங்களுக்கு எப்பிடி இருந்தது, அதை எழுதுங்கோ.

கோண்டாவில் வாழை:

அவ சிரிச்சுக்கொண்டு வந்தவ அக்கா. கண்ணாடி போடாமல் போனபடியால் அவவுக்கு உருகினது தெரியேல்லை. "பார் எப்பிடி மினுங்குது" எண்டா. நான் ஓமெண்டு சொல்லிட்டன். இண்டைவரைக்கும் அவவுக்குத் தெரியாது.

பழைய மாணவன்:

சூரிச், பக்கற், கம்பனி எண்டு சண்டை பிடிக்கிற ரெண்டு பேருக்கும் சொல்லுறன். மாஸ்ரரின்ர விதி எங்கயிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும், நான் அந்த இடத்தில இருந்தனான்.

1992, கொக்குவில். மாஸ்ரருக்கு அப்ப தலை கறுப்பு. பொருளாதாரத் தடை. பேப்பரே கொப்பித் தாளில அச்சடிச்சு வந்த காலம், சித்திரப் பாடத்துக்குத் தாளுக்கு எங்க போறது? சவர்க்காரப் பெட்டியை விரிச்சு, உள்பக்கம் வெளியில தெரியிற மாதிரி ரெண்டா வெட்டுவார். ஒரு துண்டு அவருக்கு, மற்றது எங்களில ஒருத்தருக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கீறி முடிச்சு மாத்திக்கொள்ளவேணும். விதி அவ்வளவுதான். ஒரு பெட்டியில ரெண்டு துண்டுதான் வரும், அதனால வந்த விதி. அதுக்குள்ள காசும் இல்லை, காசு வேண்டாம் எண்ட கொள்கையும் இல்லை.

என்னட்ட இருக்கிறது சைக்கிள். ஒரு இரவு, ஜாம் போத்தல் விளக்கு. அடியில கொஞ்சம் பஞ்சு, அது நனையிற அளவுக்கு மண்ணெண்ணெய், அந்த வெளிச்சத்தில கீறினது. அவர் முடிச்சுத் தரேக்கை பார்த்தன், சைக்கிளுக்குச் சங்கிலி இல்லை. "சங்கிலி எங்க சேர்?" எண்டு கேட்டன். விளக்கு அணையப் போகுது. "எனக்குக் கண் தெரியேல்லையடா, நீ போடு" எண்டு பேனையைத் தந்தார். நான் ஒவ்வொரு கண்ணியாப் போட்டன். ஒரு இடத்தில கை வழுக்கி, சங்கிலி பெடலுக்கு வெளியால போட்டுது. அவர் பார்த்திட்டு, "சரி, கழண்ட சங்கிலி" எண்டு சொல்லி, பக்கத்தில குந்தியிருந்து அதைக் கொழுவுற ஒரு பொடியனை நாலு கோட்டில வைச்சார். அந்தப் பொடியன் நான்தான், அந்த முழங்கால் தழும்பு எனக்கு இருக்கு.

இப்ப அது சட்டம் போட்டு வீட்டு முன்னறையில இருக்கு. (வெயில் படாத சுவர்.) வாற ஆக்கள் எல்லாம் அந்தப் பொடியனைத்தான் பார்ப்பினம், மாஸ்ரரின்ர கையைப் புகழுவினம். நானும் ஓமெண்டு தலையாட்டுவன். சங்கிலி நான் கீறினதெண்டு ஒருத்தருக்கும் சொன்னதில்லை, பிள்ளையளுக்குக்கூட. ஏனெண்டு கேட்டால் சொல்லத் தெரியேல்லை. இப்பதான் முதல் தரம் எழுதுறன்.

பெட்டி நிறைய:

ஐயா, சவர்க்காரப் பெட்டிக் கதை எனக்குத் தெரியாது. நான் விதியைக் குறைவாச் சொல்லேல்லை. கீறுற பிள்ளையளுக்குக் காசு கிடைக்கவேணும் எண்ட கதையில மாத்திரம் மாறமாட்டன்.

சூரிச்சிலயிருந்து:

அண்ணை, அதில எனக்கும் மறுப்பில்லை. அடுத்தமுறை வரேக்கை உங்கட பதினொண்டையும் பார்க்கவேணும்.

மயிலிட்டியாள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாஸ்ரரிட்டப் போனனான். திண்ணையில சாய்மனைக் கதிரையில இருந்தார். ஆளைச் சொல்ல முதல் "மயிலிட்டிப் படலை" எண்டார். உள்ளுக்கிருந்து பிஸ்கற் ரின் ஒண்டைக் கொண்டுவரச் சொல்லி, கனநேரம் கிளறி, என்ர மட்டையை எடுத்துத் தந்தார். பேனையையும் தந்தார்.

போக முதல் விசாரிச்சுக்கொண்டுதான் போனனான். லண்டனில இருக்கிற அக்கா வலப்பக்கம் எண்டுறா, சத்தியம் பண்ணுறா. தம்பி இடப்பக்கம் எண்டுறான், அந்தக் கொண்டியில விரல் நசிஞ்ச ஆள் அவன். அப்பாவும் அம்மாவும் இல்லை.

அதைச் சொன்னன். மாஸ்ரர் பேனையைத் திருப்பி வாங்கி மூடிபோட்டார். மட்டையை ரின்னுக்குள்ள மேலாக வைச்சார், அடியில தள்ளேல்லை.