குரோனோகிராஃப் முள் பூஜ்யத்துக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி (திருமங்கலம்):
என்னிடம் சாவி கொடுக்கும் சீகல் நிறுவனக் குரோனோகிராஃப் வாட்ச் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) ஒன்று உள்ளது. நடு முள்ளை இருபதாவது நொடியில் நிறுத்திக் கீழ்ப் பொத்தானை அழுத்தினால் அது பின்னோக்கிச் சென்று பூஜ்யத்தில் நிற்கிறது. நாற்பதில் நிறுத்தி அழுத்தினாலோ முன்னோக்கிப் பாய்கிறது. சுருள்வில் ஒன்றுதான் இழுக்கிறது என்றால் திசை மாறக் கூடாதே? மேலும், சில வாரங்களாக அந்த முள் பூஜ்யத்திலிருந்து ஒரு நொடி தள்ளியே நிற்கிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் காட்டியபோது எந்திரத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். அது அவசியம்தானா?

மறுமொழி (மேலூர்):
இழுக்கும் சுருள்வில் எதுவும் அங்கே இல்லை. நடு முள் பொருத்தப்பட்ட அச்சிலேயே பூவரச இலை வடிவத்தில் சிறிய எஃகுத் தகடு ஒன்று இறுக்கப்பட்டிருக்கும். அச்சு அதன் காம்புக் குழிக்கு அருகில் நுழைவதால், குழியிலிருந்து நுனி வரை விளிம்பின் தூரம் இரு பக்கமும் சீராகக் கூடிக்கொண்டே போகும். கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் சக்கரத்தைப் பிடித்திருந்த பிரேக் விலக, தட்டையான முகமுடைய சுத்தியல் அந்த விளிம்பின்மேல் விழுகிறது. அது எங்கே பட்டாலும், தகடு சரிவின் வழியே சுழன்று, குழியின் இரு தோள்களும் சுத்தியலில் படிந்த பிறகே நிற்கிறது. முப்பது நொடிக்கு முன் ஒரு சரிவு, பின் மறு சரிவு என்பதால்தான் திசை மாறுகிறது. நிமிடம் எண்ணும் சிறு முள்ளுக்கும் இதேபோல் தனித் தகடு உண்டு. லண்டனில் அடோல்ஃப் நிக்கோல் இதற்கு 1844இல் காப்புரிமை பெற்றார்; இன்றுவரை இதைவிட எளிய வழியை யாரும் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி (கோ.புதூர்):
பழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால், திடீரென நிற்கும் அதிர்ச்சியில் முள்ளின் குழல் அச்சின்மேல் சற்று நழுவியிருக்கும். சுத்தியல் தகட்டில் படிந்திருக்கும் நிலையிலேயே முள்ளைக் கழற்றி, குழலைச் சற்று இறுக்கி, பன்னிரண்டுக்கு நேராகப் பதித்தால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால்தான் சுத்தியல் முழுமையாகப் படியவில்லை என்றோ, தகடு அச்சில் தளர்ந்துவிட்டது என்றோ சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பிரித்துப் பார்க்காமல் எந்திரத்தை மாற்றச் சொல்வது சரியல்ல.

கேட்டவர்:
ஒரே அளவுதான் தள்ளி நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்தலாமா?

மறுமொழி (மேலூர்):
கூடாது. ஓடும்போது சுத்தியல் விழாதபடி, நெம்புகோல்களின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் தூண் சக்கரம் தடுத்து நிற்கும். பலவந்தமாக அழுத்தினால் நெம்புகோல்கள்தாம் கெடும். ஓட்டத்திலேயே பூஜ்யமாக்குவதற்கு ஃப்ளைபேக் என்ற தனி அமைப்பு வேண்டும்; லாஞ்சின் நிறுவனம் அதற்கு 1936இல் காப்புரிமை பெற்றது. உங்கள் வாட்சில் நிறுத்திய பிறகே அழுத்துங்கள்.